மணற்கடலின் அமானிதம்

ஹிஜ்ரி 753ஆம் ஆண்டு, முஹர்ரம் முதற் பிறை. கி.பி. 1352 பிப்ரவரி 18ஆம் நாள். மொராக்கோவின் தென்கிழக்கே, சஹாராப் பாலைவனத்தின் தலைவாசலாக விளங்கிய சிஜில்மாஸா நகரிலிருந்து வணிகச் சாத்து ஒன்று தெற்கு நோக்கிப் புறப்பட்டது. ஒட்டகங்களுக்கும் வணிகர்களுக்கும் இடையே, 48 வயதை நெருங்கிய ஒரு மார்க்க அறிஞரும் அதில் இருந்தார். அவர்தாம் உலகம் சுற்றிய இப்னு பதூதா.

1325ஆம் ஆண்டு ஹஜ்ஜை நாடித் தம் பிறந்த ஊரான தான்ஜியரை விட்டுப் புறப்பட்ட அந்த இளைஞர், கால் நூற்றாண்டுக்குள் அரபகம், பாரசீகம், தில்லி, மாலத்தீவு, சீனம் எனச் சுற்றி வந்துவிட்டார். நம் தமிழ் மண்ணும் அவருக்குப் புதிதன்று. 1344ஆம் ஆண்டளவில் மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருக்குச் சகலர் முறையினர். இத்தனையும் கண்டவருக்கு எஞ்சியிருந்த ஒரு பெரும் பயணம், சஹாராவைக் கடந்து மாலிப் பேரரசை அடைவது. அதுவே அவருடைய கடைசிப் பெரும் பயணமாகவும் அமைந்தது.

சிஜில்மாஸாவில் அவர் தங்கியது அல்புஷ்ரீ என்னும் சட்ட அறிஞரின் இல்லத்தில். அந்த அறிஞருடைய உடன்பிறந்தாரைச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் சீனத்து நகர் ஒன்றில் இப்னு பதூதா சந்தித்திருந்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் சீனத்தில். மற்றவர் சஹாராவின் விளிம்பில்! அன்றைய இஸ்லாமிய உலகின் பரப்பை விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அந்நகரில் அவர் ஒட்டகங்களை வாங்கி, அவற்றுக்கு நான்கு மாதங்களுக்கு வேண்டிய தீவனத்தையும் சேர்த்துக்கொண்டார்.

சாத்தின் தலைவர் அபூ முஹம்மது யந்தகான். அவர் மஸ்ஸூஃபா என்னும் பர்பர் குலத்தவர். இப்பெயரை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். இவரை நாம் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

உப்பால் ஆன ஊர்

இருபத்தைந்து நாள் பயணத்துக்குப் பின் அவர்கள் அடைந்த இடம் தகாஸா. அங்கே மரமில்லை, பயிரில்லை, எங்கும் மணல். வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன. கூரைகளோ ஒட்டகத் தோல். நிலத்தைத் தோண்டினால், செதுக்கி அடுக்கி வைத்தாற்போலப் பாளம் பாளமாக உப்பு கிடைக்கும். ஓர் ஒட்டகம் இரண்டு பாளங்களைச் சுமக்கும். ஒரு சுமை உப்பு வலாத்தாவில் எட்டு முதல் பத்து மித்கால் பொன்னுக்கு விலைபோயிற்று. மாலியின் தலைநகரிலோ இருபது, முப்பது, சில வேளை நாற்பது மித்கால்! ஒரு மித்கால் ஏறத்தாழ நாலேகால் கிராம் எடையுடையது. தெற்கே அவ்வுப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, நாணயம் போலவே கொடுத்து வாங்கினர்.

அந்த உப்பைத் தோண்டியவர் யார்? மஸ்ஸூஃபாக்களின் அடிமைகள். அவர்களைத் தவிர அவ்வூரில் வேறு குடிகள் இல்லை. வடக்கிலிருந்து பேரீச்சம்பழமும் தெற்கிலிருந்து தினை வகைத் தானியமும் வந்தால்தான் அவர்களுக்கு உணவு. குடிநீரும் உவர்ப்பு. மிகுந்த பொன் கைமாறிய அந்த ஊரில், பொன்னுக்கு ஈடான பொருளைத் தோண்டியவர்களுக்கு வாழ்வு அவ்வளவுதான். பத்து நாட்கள் அங்கே துன்புற்றதை எழுதிய நம் பயணி, வாழ்நாள் முழுவதும் அங்கிருந்தவர்களுள் ஒருவருடைய பெயரையும் குறித்து வைக்கவில்லை.

ஒரு மைல் தொலைவில் தண்ணீர்

தகாஸாவுக்கு அப்பால் பத்து நாள் வழியில் தண்ணீர் கிடைப்பது அரிது. அவ்வாண்டு மழை பெய்து ஆங்காங்கே நீர் தேங்கியிருந்தது அல்லாஹ்வின் அருள். பாறைக் குன்றுகளின் நடுவே கிடைத்த ஒரு சுனையில் தாகம் தீர்த்து, துணிகளையும் துவைத்துக்கொண்டனர். பேன் தொல்லைக்கு அஞ்சிப் பாதரசம் தோய்ந்த கயிறுகளைக் கழுத்தில் அணிந்திருந்தனர். மேய்ச்சல் கண்ட இடத்தில் சிலர் சாத்தை விட்டு முன்னே செல்வதும் உண்டு.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. இப்னு ஸீரி என்ற வணிகருக்கும் அவருடைய உறவினருக்கும் இடையே வாய்ச்சண்டை மூண்டது. சினத்தோடு பின்தங்கிய இப்னு ஸீரி திரும்பவே இல்லை. கூலிக்கு ஒரு மஸ்ஸூஃபாவை அமர்த்தித் தேடுமாறு இப்னு பதூதா சொன்னார். அந்த உறவினர் மறுத்துவிட்டார். மறுநாள் மஸ்ஸூஃபா ஒருவர் கூலி எதுவும் கேளாமல் தாமாகவே தேடிச் சென்றார். சுவடுகளைக் கண்டார்; ஆளைக் காணவில்லை. சொந்த இரத்தம் கைவிட்டவனைத் தேடி முன்பின் அறியாத பாலைவன மனிதர் ஒருவர் மணலில் அலைந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

பிறகு வழியில் மற்றொரு சாத்தைக் கண்டனர். அதிலிருந்தும் சிலர் பிரிந்து வழி தவறியிருந்தனர். அவர்களுள் ஒருவர் சிறு புதர் ஒன்றின் கீழ் இறந்து கிடந்தார். உடுத்த உடை அப்படியே இருந்தது. கையில் சவுக்கும் இருந்தது. தண்ணீர் அங்கிருந்து ஏறத்தாழ ஒரே மைல்!

தனியே செல்லும் தூதன்

தாஸரஹ்லா என்னும் நீர்நிலையில் மூன்று நாள் தங்கித் தோற்பைகளைச் செப்பனிட்டு நீர் நிரப்பினர். காற்று நீரை உறிஞ்சாதிருக்க, பைகளைச் சுற்றி முரட்டுத் துணி வைத்துத் தைத்தனர். இங்கிருந்துதான் 'தக்ஷீஃப்' புறப்படுவான். சாத்தினர் கூலிக்கு அமர்த்தும் மஸ்ஸூஃபாத் தூதனுக்கு அப்பெயர். அவன் தன்னந்தனியே பாலையைக் கடந்து, வணிகர்களின் கடிதங்களை வலாத்தாவிலுள்ள நண்பர்களிடம் சேர்ப்பான். அவர்கள் வீடுகளை அமர்த்தி வைத்துவிட்டு, நான்கு நாள் தொலைவு எதிர்கொண்டு வந்து சாத்தினருக்குத் தண்ணீர் தருவார்கள். தூதன் வழியில் மடிந்தால் சாத்து வருவதை எவரும் அறியார். சாத்து முழுவதுமோ பெரும்பகுதியோ மடியும்.

அம்மணற்பரப்பில் பாதை என்று எதுவும் இல்லை. இன்று இங்கே குவிந்த மணற்குன்று நாளை காற்றால் வேறிடம் பெயர்ந்துவிடும். இப்னு பதூதாவின் சாத்துக்கு அமைந்த வழிகாட்டியோ ஒரு கண் பார்வையற்றவர். மற்றொரு கண்ணும் நோயுற்றது. ஆயினும் அந்த வழியை அவரைப்போல் அறிந்தவர் எவரும் இலர். தூதனுக்குப் பேசிய கூலி நூறு மித்கால் பொன். ஏழாம் நாள் இரவில், தண்ணீரோடு எதிர்கொள்ள வந்தவர்கள் மூட்டிய நெருப்புத் தொலைவில் தெரிந்தது. சாத்தினர் உள்ளம் குளிர்ந்தனர்.

அந்த நெருப்பின் பொருள் என்ன? முகம் தெரியாத ஒரு மனிதன் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்களை ஏமாற்றவில்லை என்பதே. அமானிதம் என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லுக்கு இதைவிடத் துலக்கமான விளக்கம் உண்டோ?

மூடிய கதவு

இரண்டு மாதப் பயணம் முடிந்து, ரபீஉல் அவ்வல் தொடக்கத்தில் வலாத்தாவை அடைந்தனர். இன்று மூரித்தானியாவில் உள்ள அவ்வூர் அன்று மாலிப் பேரரசின் வடவெல்லை. அங்கு வாழ்ந்தவருள் பெரும்பாலோர் மஸ்ஸூஃபாக்கள். ஐவேளைத் தொழுகை, குர்ஆன் மனனம், சட்டக் கல்வி ஆகியவற்றில் அவர்கள் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர்களுடைய குடும்ப முறை நம் பயணியைத் திகைக்க வைத்தது. வழிமுறை தாய்மாமனைக் கொண்டே சொல்லப்பட்டது. சொத்து மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. இத்தகைய முறையை மலபாரின் முஸ்லிம் அல்லாதாரிடம் மட்டுமே தாம் கண்டதாக அவர் எழுதுகிறார். பெண்கள் முகத்திரை அணியவில்லை. பிற ஆடவரோடு இயல்பாக உரையாடினர்.

ஒரு நாள் அவர் யந்தகானின் இல்லத்துக்குச் சென்றார். பாலைவனத்தில் தம்மை அழைத்துவந்த அதே சாத்துத் தலைவரின் இல்லம். அங்கே யந்தகானின் மனைவி வேறோர் ஆடவரோடு அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். "எங்கள் நாட்டில் வாழ்ந்து ஷரீஅத்தை அறிந்த நீர் இதற்கு உடன்படுகிறீரா?" என்னும் கருத்தில் இப்னு பதூதா கேட்டார். தங்கள் பெண்களின் நட்பு நல்ல முறையில் அமைவது, அதில் ஐயத்துக்கு இடமில்லை, அவர்கள் உங்கள் நாட்டுப் பெண்களைப் போன்றவர் அல்லர் என்று யந்தகான் விடையளித்தார். சினந்து வெளியேறியவர் மீண்டும் அந்த வாசலை மிதிக்கவே இல்லை. யந்தகான் பலமுறை அழைத்தும் செல்லவில்லை.

மாலத்தீவில் காழியாக இருந்தபோதும் அவர் பெண்களின் உடையை மாற்ற முயன்று வெற்றி பெறாதவர். மார்க்க வரம்பு குறித்த அவருடைய கவலை உண்மையானது. அதை எள்ளி நகையாடுவது முறையன்று. ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. இரண்டு மாத காலம் தம் உயிரையே நம்பி ஒப்படைத்த மனிதர், தம் வீட்டாரைப் பற்றி "ஐயத்துக்கு இடமில்லை" என்று கூறியபோது, அந்த ஒரு சொல்லை நம்ப அவரால் இயலவில்லை. மணலில் அவர்களுடைய அமானிதத்தை ஏற்றுக்கொண்டவர் மனையில் ஏற்றுக்கொள்ளவில்லை.

இது நமக்குத் தொலைவான கதையன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் பெண் வீட்டில் வாழ்வதையும், வீடு பெண்மக்களுக்கு உரியதாவதையும் கண்டு பிற ஊர் முஸ்லிம்கள் வியப்பதுண்டு. கண்ணூர் அரக்கல் அரச குடும்பம் பெண்வழி மரபைப் பின்பற்றியது. கலிமா ஒன்று, கிப்லா ஒன்று, மண்ணின் வழக்கங்கள் பல. எது மார்க்கம், எது நம் ஊர்ப் பழக்கம் என்று பிரித்தறியாமல் பிறரை எடைபோடும் தவறு நம் அனைவருக்கும் நேர்வதே.

திரும்பும் வழியில், 754 ஷஃபானில், தகத்தா என்னும் ஊரிலிருந்து அவர் சேர்ந்துவந்த சாத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தனர். அடிமையை விடுவிப்பதைத் திருமறை மேலான நன்மையாகக் கூறுகிறது. முகத்திரை இல்லாமைக்குச் சினந்த எழுதுகோல், அந்த அறுநூறு பேரைப் பற்றி எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பார்வையும் உண்டு. ஒரு பார்வையின்மையும் உண்டு.

எனினும் அவரைப் போற்றாதிருக்க முடியாது. 1355இல், இப்னு ஜுஸை எழுத, தம் பயணங்களைச் சொல்லி முடித்தபோது, தமக்குப் பிடிக்காத அந்த விடையையும் அவர் மறைக்கவில்லை. யந்தகானின் சொல்லை உள்ளபடியே பதிய வைத்தார். தாம் கதவடைத்த மனிதரின் குரலை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதுவும் ஓர் அமானிதமே. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அதைக் கேட்கும் நாம், அந்த அழைப்பை ஏற்று, யந்தகானின் வாசலில் சலாம் சொல்லி நிற்கலாமே!