மூளையை ஸ்கேன் செய்தால் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

நமக்குப் பிடித்த தலைவர் போன வருஷம் ஒன்று சொல்லியிருப்பார். இன்று அதற்கு நேர் எதிராகப் பேசுவார். இரண்டுக்கும் வீடியோ இருக்கும். ஆனாலும், "அவர் சொன்னதோட அர்த்தம் அது இல்லைங்க" என்று அவருக்காக நாமே விளக்கம் கொடுக்கத் தொடங்கிவிடுவோம். இதையே எதிர்க்கட்சித் தலைவர் செய்தால் போதும், "பாத்தீங்களா, வாய் திறந்தா பொய்" என்போம்.

அந்த நொடியில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் முயற்சி 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. கிடைத்த பதில்களில் சில உருப்படியானவை. சில, தலைப்புச் செய்தியாக வந்த வேகத்திலேயே ஆட்டம் கண்டவை.

புஷ், கெர்ரி ஆதரவாளர்களுக்கு நடந்த சோதனை

2004 அமெரிக்க அதிபர் தேர்தல். குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷும் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரியும் மோதிக்கொண்டிருந்த நேரம். எமரி பல்கலைக்கழக உளவியலாளர் ட்ரூ வெஸ்டன், இரு தரப்பிலும் தலா 15 தீவிர ஆதரவாளர்களைக் கூப்பிட்டு எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்க வைத்தார். 30 பேருமே ஆண்கள்.

மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைத்தான் இந்தக் கருவி படமாக்குகிறது. அதாவது எண்ணத்தை நேரடியாகப் படிப்பதில்லை, ரத்த ஓட்டத்தைப் பார்த்து யூகிக்கிறது. இது முக்கியம், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே படுத்திருந்தவர்களுக்கு ஸ்லைடுகள் காட்டப்பட்டன. உதாரணத்துக்கு ஒன்று: என்ரான் நிறுவனத் தலைவர் கென் லேவை ஒரு காலத்தில் புகழ்ந்த புஷ், அந்த நிறுவனம் மோசடியில் கவிழ்ந்த பிறகு அவர் பெயரையே எடுப்பதில்லை. கெர்ரி பற்றியும் இதேபோல முரண்பட்ட பேச்சுகள் காட்டப்பட்டன. நடிகர் டாம் ஹாங்ஸ் போல, கட்சி அரசியலில் நேரடியாக இல்லாதவர்களைப் பற்றியும் சில இருந்தன. சோதனைக்காக ஆய்வாளர்கள் வாசகங்களைக் கொஞ்சம் மாற்றியமைத்திருந்தார்கள். 'இதில் முரண்பாடு இருக்கிறதா, எவ்வளவு?' என்று கேட்டார்கள்.

எதிராளியின் முரண்பாடு எல்லோர் கண்ணிலும் பட்டது. சொந்த வேட்பாளர் விஷயத்தில் மட்டும் மதிப்பெண் குறைந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் இதில் ஒன்றுபோலவே நடந்துகொண்டார்கள்.

ஸ்கேன் காட்டியதுதான் சுவாரஸ்யம். சொந்த வேட்பாளர் மாட்டிக்கொள்ளும்போது, உணர்ச்சியோடும் மன உளைச்சலோடும் தொடர்புள்ள பகுதிகள் சுறுசுறுப்பாயின. நிதானமாக எடைபோட்டு யோசிக்கும்போது வேலை செய்யும் நெற்றிப்புறப் பகுதியில் குறிப்பிடத்தக்க அசைவு இல்லை. பிறகு ஒரு சமாளிப்பு விளக்கம் காட்டப்பட்டதும், திருப்தி உணர்வோடு தொடர்புள்ள பகுதி இயங்கியதாக வெஸ்டன் குழு சொன்னது. ஆய்வு 2006-ல் வெளியானது. 30 பேரை மட்டும் வைத்து எடுத்த முடிவு என்பதால் இதை ஓரளவுக்குத்தான் நம்பலாம் என்றாலும், நாம் தினமும் பார்க்கும் காட்சியோடு இது பொருந்தத்தான் செய்கிறது.

எடிசனை விட்டுக்கொடுப்போம், கொள்கையை விடமாட்டோம்

2016-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோனஸ் கப்லான் குழு, 'லிபரல்' கருத்துகளில் உறுதியான 40 பேரைச் சோதித்தது. "மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன்" போன்ற அரசியல் சாராத நம்பிக்கைகள் ஒரு பக்கம், துப்பாக்கிக் கட்டுப்பாடு போன்ற அரசியல் நம்பிக்கைகள் மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து எதிர்வாதங்கள் காட்டப்பட்டன. அவற்றில் சில வேண்டுமென்றே மிகைப்படுத்தப்பட்டவை.

எடிசன் விஷயத்தில் பலர் இறங்கி வந்தார்கள். அரசியலில் அசைந்துகொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அதிகம் இயங்கியது, 'நான் யார்' என்று நம்மைப் பற்றியே யோசிக்கும்போது வேலை செய்யும் மூளை வலைப்பின்னல். மனம் மாற மறுத்தவர்களிடம், ஆபத்தை உணர்வதில் பங்குள்ள அமிக்டலாவும் இன்சுலாவும் கூடுதலாக இயங்கின. கொள்கையைக் கேள்வி கேட்டால் அது தன்னையே தாக்குவதுபோல ஆகிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் வாசிப்பு. வலதுசாரிகளை இதில் சோதிக்கவே இல்லை. எனவே 'அந்தப் பக்கத்து ஆளுங்கதான் பிடிவாதம்' என்று சொல்ல இதை யாரும் பயன்படுத்த முடியாது.

நடிகர் தொடங்கி வைத்த ஆய்வு

'தி கிங்ஸ் ஸ்பீச்' பட நாயகன் காலின் ஃபர்த், பிபிசி வானொலியில் கௌரவ ஆசிரியராக இருந்தபோது ஒரு கேள்வி கேட்டார்: என்னோடு கருத்து வேறுபடுபவர்களின் மூளை அமைப்பே வேறா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் விஞ்ஞானிகள் ரியோட்டா கனாய், ஜெரைன்ட் ரீஸ் ஆகியோர் 90 மாணவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பழமைவாதிகளுக்கு வலது அமிக்டலா சற்றுப் பெரிது. லிபரல்களுக்கு, முரண்பாடுகளைக் கவனிக்கும் முன்பகுதி சிங்குலேட்டில் சாம்பல்நிறத் திசு அதிகம். 2011-ல் வந்த கட்டுரையில் ஃபர்த் பெயரும் ஆசிரியர்களில் ஒன்று. உலகம் முழுக்க செய்தியானது.

2024-ல் நெதர்லாந்தில் 928 பேரிடம் அதே சோதனை திரும்பச் செய்யப்பட்டது. அமிக்டலா தொடர்பு இருந்தது, ஆனால் முன்பு சொன்னதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சிங்குலேட் தொடர்பு கிடைக்கவே இல்லை. இதை வைத்து ஒரு தனி மனிதர் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூளை அப்படி இருப்பதால் கொள்கை வந்ததா, கொள்கையோடு வாழ்ந்து வாழ்ந்து மூளை அப்படி ஆனதா? லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதவேண்டும். அதில் தேறியவர்களுக்கு நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்ததை எலினோர் மக்வயர் குழு காட்டியது. பழக்கமும் மூளையை மாற்றும்.

தேர்தல் கணிப்புக்கு ஸ்கேன் உதவுமா?

ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டார்கள். 2007 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை வந்தது. எந்தப் பக்கமும் சாயாத 20 வாக்காளர்களை ஸ்கேன் செய்து, வேட்பாளர்களைப் பார்க்கும்போது அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று அது விவரித்தது. அமிக்டலா இயங்கினால் பதற்றம் என்பது அவர்கள் கணக்கு. சில நாட்களிலேயே 17 விஞ்ஞானிகள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். பதற்றத்தில் மட்டுமல்ல, சந்தோஷத்திலும் அமிக்டலா இயங்கும், ஒரு பகுதியை வைத்து உணர்ச்சியைச் சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம்.

அந்தக் கட்டுரையில் இன்னொரு வரியும் இருந்தது. இரண்டு வேட்பாளர்கள் வாக்காளர் மூளையில் பெரிய சலனம் எதையும் உண்டாக்கவில்லையாம், அவர்கள் இன்னும் உழைக்க வேண்டுமாம். ஒருவர் ஜான் மெக்கெய்ன், இன்னொருவர் பராக் ஒபாமா. 2008 அதிபர் தேர்தலில் நேருக்கு நேர் மோதியது அந்த இருவர்தான்.