கோச்சி காத்திருக்கும், பஸ் காத்திருக்காது

தரம் 9 பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “சேர், நம்ம கோச்சி மட்டும் ஏன் எப்பவும் லேட்?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயில் பாதை நானுஓயாவுக்கு வந்தது 1885இல். ஹப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு 1894. பதுளைக்கோ 1924! பண்டாரவளையிலிருந்து நம்ம டவுனுக்கு வர 30 வருடம் பிடித்தது. இடையில் உலகப்போர் வேறு. எல்லோரும் போட்டோ எடுக்கும் ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரச் சுற்றும் அந்தக் கடைசித் துண்டில் கட்டியவைதான்.

இந்த மலையில் இருப்பது ஒற்றைப் பாதை. வளையத்தில் தொங்கும் ஒரு பையை ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது ஒரு வட்டத் தகடு. அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாது. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள தகட்டுப் பெட்டிகள் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. 1874இல் இங்கிலாந்தில், தோர்ப் என்ற இடத்தில், தந்தியில் நடந்த தவறால் இரண்டு ரயில்கள் ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதின. 20க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் செய்த ஏற்பாடு இது.

ஆகவே கொழும்பிலிருந்து வரும் கோச்சி பிந்தினால், இங்கிருந்து போகிறதும் ஹப்புத்தளையிலோ பட்டிப்பொலையிலோ நிற்கத்தான் வேண்டும். ஒன்றின் தாமதம் மற்றதையும் பிடித்துக்கொள்ளும். அந்தக் காத்திருப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அது உயிர்க் காவல்.

என் கோபமெல்லாம் பதுளையில் இறங்கிய பிறகுதான். பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வழியில் கிராஸிங்குக்காக நின்று நின்று, இருட்டிய பிறகு வந்து சேர்ந்தோம். ஸ்டாண்டுக்கு ஓடினால் கடைசி பஸ் போய்விட்டது. என்னோடு ஓடி வந்தவர்களில் மூன்று பேர் தோட்டத்துப் பெண்கள், ஒருத்தி கையில் குழந்தை. அடுத்த ஸ்டேஷனைக் கேட்காமல் கோச்சியை விடாத ஊரில், கோச்சி எங்கே வருகிறது என்று அந்த பஸ்ஸுக்குச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. எனக்கு டவுனில் மாமி வீடு இருந்தது. அவர்கள் விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கேள்வி கேட்ட பிள்ளையின் உம்மா கொழும்பில் வேலை. மாதம் ஒரு தடவை வருகிறார். அவருக்கும் இதே கதைதானாம்.

பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சரியாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கோச்சி நேரத்தோடு சேர்த்து ஒரே தாளில் எழுதி வகுப்பில் ஒட்டப் போகிறேன். ஒரு பிரதி ஸ்டாண்டுக்கும் கொண்டு போவேன்.