விலைக்கு வரம்பு கட்டிய ஊர்: ஆஸ்பென் நகரின் வீட்டுச் சந்தை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைகளுக்கு நடுவே உள்ள ஆஸ்பென் நகரின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி 7,004. இச்சிறு நகரில் தனி வீடுகளின் சராசரி விலை அண்மை ஆண்டுகளில் ஒரு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பள்ளி ஆசிரியர், செவிலியர், பேருந்து ஓட்டுநர், சமையற்காரர் எவரும் தம் சம்பளத்தில் எட்டக்கூடிய விலை அல்ல அது. ஆயினும் இத்தகையோர் பலர் ஊருக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். இதைச் சாத்தியமாக்கிய ஏற்பாட்டின் உயிர்நாடி விலை வரம்பே என்பதும், குறைகளைக் காரணம் காட்டி அதைக் கைவிடலாகாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

விலை ஏறிய வரலாறு

1880களில் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த ஊர் ஆஸ்பென். 1893 ஜூனில் பிரிட்டிஷ் இந்திய அரசு தன் நாணயச் சாலைகளைத் தனியார் கொண்டுவரும் வெள்ளிக்கு மூடியது. அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதற்கு வகைசெய்த ஷெர்மன் சட்டமும் அதே ஆண்டு நீக்கப்பட்டது. வெள்ளி விலை வீழ்ந்தது, ஊரும் வீழ்ந்தது. 1930இல் எஞ்சியிருந்தோர் 705 பேர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிகாகோ தொழிலதிபர் வால்டர் பெப்கி தொடங்கிய பனிச்சறுக்குத் தொழிலும் கலை விழாக்களும் ஊரை மீட்டன. உலகச் செல்வந்தர்களையும் அழைத்து வந்தன.

குறுகிய பள்ளத்தாக்கு, சுற்றிலும் பெரும்பாலும் கூட்டாட்சி அரசின் வன நிலம். 1970களிலேயே நகரம் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளையும் வகுத்துக்கொண்டது. ஆக, நிலத்துக்கு எல்லை உண்டு. வாங்க வருவோரின் பணத்துக்கு இல்லை. வீடுகள் பெருகினால் விலை தானே இறங்கும் என்ற பொதுவிதி இங்கே உழைப்பவருக்கு உதவுவதில்லை. கட்டுப்பாடின்றி விற்பனைக்கு வரும் வீட்டை, ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்கும் வெளியூர்ச் செல்வரே வாங்கிவிடுகிறார்.

ஏற்பாட்டின் உள்ளமைப்பு

ஆஸ்பென் நகரும் அது அடங்கிய பிட்கின் கவுன்டியும் இணைந்து நடத்தும் வீட்டுவசதி அமைப்பின் கீழ் ஏறத்தாழ 3,000 வீடுகள் உள்ளன. வாடகை வீடுகளும் உண்டு, சொந்த வீடுகளும் உண்டு. சொந்த வீடு பெறுபவர் கவுன்டிக்குள் ஆண்டுக்கு 1,500 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். ஆண்டில் ஒன்பது மாதமாவது அவ்வீட்டில் வசிக்க வேண்டும். பலர் போட்டியிட்டால் குலுக்கல். விற்கும்போது ஆண்டுக்கு 3 விழுக்காடு அல்லது பணவீக்க விகிதம், இரண்டில் எது குறைவோ அதுவே பொதுவான உயர்வு வரம்பு. 3 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு ஓராண்டு கழித்து, மேம்பாட்டுச் செலவு நீங்கலாக, 3,09,000 டாலருக்கு மேல் போகாது. இக்கட்டுப்பாடு பத்திரத்திலேயே எழுதப்படுவதால், வீடு கை மாறினாலும் நீடிக்கிறது.

இதற்கான நிதியும் அதே சந்தையிலிருந்தே வருகிறது. சொத்து கைமாறும்போது முதல் ஒரு லட்சம் டாலர் நீங்கலாக எஞ்சிய தொகையில் 1 விழுக்காடு கைமாற்று வரியாக வீட்டுவசதிக்குச் சேர்கிறது. ஒரு கோடி டாலர் வீடு விற்றால் 99,000 டாலர் கிடைக்கும். ஆனால் 1992இல் கொலராடோ வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம் புதிதாக இவ்வகை வரி விதிப்பதைத் தடுத்துவிட்டது. முந்திக்கொண்ட ஊர்களுக்கே இந்த வாய்ப்பு.

எதிர்வாதங்கள்

வரம்பு, உழைப்பவரைச் சொத்துச் சேர்க்கவிடாமல் தடுக்கிறது என்பது முதல் வாதம். ஆனால் அவர் வீட்டைச் சந்தை விலையில் வாங்கவில்லை. ஊர் கொடுத்த சலுகையை முதல் உரிமையாளரே லாபமாக எடுத்துப் போய்விட்டால், அடுத்து வரும் செவிலியர் 82ஆம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளென்வுட் ஸ்பிரிங்ஸிலிருந்து பனியில் வந்து போக வேண்டும்.

பராமரிப்பு பற்றிய வாதம் வலுவானது. கூரைக்கும் குழாய்க்கும் செலவிட்டதை விலையில் முழுதாக மீட்க முடியாதபோது, பழுதுபார்ப்பு தள்ளிப்போகிறது. மூன்றாவதாக, ஓய்வு பெற்றவர்கள் விதிப்படி தம் வீட்டிலேயே தொடரலாம். அது நியாயமே, எனினும் வேலை செய்வோருக்கான வீடுகள் குறைகின்றன.

அதே மாநிலத்தின் வெய்ல் நகரம் 2017இல் வேறு வழி கண்டது. வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து, அங்கே வசிப்பவர் உள்ளூர்க் கவுன்டியில் வாரம் 30 மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் ஏற்றுகிறது, விலைக்கு வரம்பில்லை. புதிதாகக் கட்ட வேண்டியதில்லை, செலவும் குறைவு. ஆனால் விலை ஏற ஏற, உள்ளூர் உழைப்பாளரிலும் அதிகம் சம்பாதிப்பவருக்கே அவ்வீடு எட்டும். வேகத்தில் வெய்ல் முறை மேல். நீதியில் ஆஸ்பென் முறையே மேல்.

முடிவு

ஆஸ்பெனின் குறைகள் விலை வரம்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. அதற்குத் துணைவிதிகள் கேட்கின்றன. கைமாற்று வரியில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென ஒதுக்க வேண்டும். செய்த பழுதுபார்ப்புக்கு விற்பனை விலையில் உரிய ஈடு தர வேண்டும். ஓய்வு பெற்றோர் விரும்பி மாறிச் செல்லத்தக்க சிறு வீடுகளை ஊருக்குள்ளேயே கட்ட வேண்டும். பொதுப்பணத்தில் எழுந்த வீடு ஒரு தலைமுறையின் லாபமாக முடியாமல், அடுத்தடுத்து வரும் உழைப்பாளருக்கும் வீடாக இருக்க வேண்டுமானால் விலை வரம்பு நிலைக்க வேண்டும்.