நயினாதீவுக் கல்லும் கணினியின் பணியொழுங்கும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் ஒன்றாகிய நயினாதீவில், நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே, சிதைவுற்ற கல்வெட்டு ஒன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழிற் பொறிப்பித்த ஆணை அது. அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஆணையின் சாரம் இது. பிறநாட்டார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். வாணிபச் சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால், இரு திறத்தாருக்கும் சரிபாதி.

பாதியை இழப்பது சிறிய இழப்பன்று. ஆயினும் அக்கால வணிகனுக்கு அது பெரும் ஆறுதலே. ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதி 1244ஆம் ஆண்டளவில் நிறுவிய சாசனம், புயலில் உடைந்து கரையொதுங்கிய கப்பல்களின் பொருள் முழுவதையும் முன்னைய மன்னர் கவர்ந்துகொண்டனர் என்று கூறுகின்றது.

பொலன்னறுவை எங்கே, ஊராத்துறை எங்கே! மரக்கலம் உடைந்தபின் மன்னனின் சொல்லுக்காகக் காத்திருந்தால், குதிரைகள் மடியும், சரக்கும் மறையும். ஆதலின் முடிவு முன்னரே செய்யப்பட்டது. துறைமுகத்து அதிகாரி, வந்தது விலங்கா சரக்கா என்று பார்த்துப் பங்கிட்டால் போதும்.

இக்காலப் பெருநிறுவனங்களின் கணினிகளிலே பணிகள் தாமாக நிகழும் ஒழுங்கமைப்பும் இந்த அடிப்படையிலேயே எழுந்தது. ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். கிளைகள் யாவும் கதவடைத்த பின்னரே அன்றைய கணக்கைக் கூட்டலாம். கணக்குச் சரியான பின்னரே வட்டியைக் கணிக்கலாம். அதன் பின்னரே வாடிக்கையாளருக்கு அறிக்கை அனுப்பலாம். இவற்றை இரவு முழுவதும் ஒருவர் விழித்திருந்து ஏவுவதில்லை.

அவ்வொழுங்கமைப்புக்கு முக்கிய உறுப்புகள் மூன்று. முதலாவது, எப்பணி எப்போது, எதன் பின், எந்நிபந்தனையில் நிகழ வேண்டும் என்ற விதிகளைத் தாங்கும் மையம். இரண்டாவது, ஒவ்வொரு கணினியிலும் இருந்து மையத்தின் ஏவலை நிறைவேற்றி விளைவை அறிவிக்கும் முகவர். அதுவும் ஒரு நிரலே. மூன்றாவது, நிகழ்ந்தவை யாவற்றையும் பதியும் ஏடு. பணி தொடங்குவதற்குக் கடிகாரம் காரணமாகலாம். எதிர்பார்த்த கோப்பு வந்துசேர்வதும் காரணமாகலாம். 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளிலேயே, முன்னைய படி தவறினால் அடுத்த படியைத் தவிர்க்குமாறு முன்கூட்டி எழுதிவைக்கும் வழி அமைந்தது.

நயினாதீவுக் கல்லில் விதி உண்டு, அதிகாரி முகவராகிறார், மரக்கலம் உடைதல் நிகழ்ச்சி, சரக்கின் வகை நிபந்தனை. ஆணை கல்லில் மட்டுமன்றிச் செம்பிலும் பொறிக்கப்பட்டது. இன்றும் இத்தகைய விதிகளை ஈரிடத்திற் காப்பதே வழக்கம்.

ஆனால் மூன்றாம் உறுப்பு அங்கே இல்லை. கல் விதியைச் சொல்லும். பங்கு உடையவன் கையிற் சேர்ந்ததா என்பதைச் சொல்லாது. பதிவேடும், தவறு நேர்ந்தவுடன் எழுப்பும் எச்சரிக்கையும் இல்லையெனில், கணினியும் ஒரே பிழையை இரவுதோறும் சலியாது செய்துகொண்டிருக்கும்.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. யானைக்கும் குதிரைக்கும் மன்னன் குறைவாகக் கொண்டது, அவை தனக்கு வேண்டியிருந்தமையால். விதி எப்போதும் அதனை வகுத்தவரின் தேவையைத் தாங்கி நிற்கும். அது நியாயமா என்று முகவர் கேட்பதில்லை. ஆதலின், பணி தானே நிகழ்கின்றது என்று கூறி எவரும் பொறுப்பினின்று விலக இயலாது. கரையில் நிற்கும் வணிகனுக்கு நல்ல விதி வேண்டும். அது நிறைவேறியதா என்று கேட்பதற்கு ஒரு மனிதரும் வேண்டும்.