இரக்கத்திலிருந்து உரிமைக்கு: கிரேஐ நாடகக் குழுவும் பிரிட்டனின் ஊனமுற்றோர் கலை இயக்கமும்

முன்னுரை

கலை வரலாற்று நூல்களில் ஊனமுற்றோர் பெரும்பாலும் இரு நிலைகளிலேயே இடம்பெறுகின்றனர். ஒன்று, பிறர் படைத்த பாத்திரங்களாக. மற்றொன்று, பிறர் உதவியைப் பெறும் பயனாளிகளாக. அவர்கள் தாமே நிறுவி, தாமே நெறிப்படுத்திய கலை அமைப்புகளின் வரலாறு குறைவாகவே பேசப்படுகின்றது. பிரிட்டனில் 1980ஆம் ஆண்டு தோன்றிய கிரேஐ நாடகக் குழுவை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரை நோக்குகின்றது.

கருத்துப் பின்புலம்

'பிரிவினைக்கு எதிரான உடற்குறையுடையோர் ஒன்றியம்' 1976இல் வெளியிட்ட ஆவணம், உடற்குறை வேறு, இயலாமை வேறு என வரையறுத்தது. கால்கள் இயங்காமை உடற்குறை. படிக்கட்டுகளை மட்டுமே வைத்து அரங்கைக் கட்டும் சமூகம் உண்டாக்குவதே இயலாமை. 1983இல் மைக்கேல் ஆலிவர் இப்பார்வைக்குச் 'சமூக மாதிரி' எனப் பெயரிட்டார். கலைஞர்களுக்கு இது புதிய வினாவைத் தந்தது: மாற வேண்டியது நடிகனின் உடலா, நாடக அரங்கா?

குழுவின் தோற்றம்

சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய நடிகர் நபில் ஷபானும் ரிச்சர்ட் டாம்லின்சனும் இக்குழுவைத் தொடங்கினர். ஊனமுற்ற பாத்திரங்களைக்கூட ஊனமற்ற நடிகர்களே ஏற்று நடித்த காலம் அது. கிரேக்கத் தொன்மத்தில் ஒரே கண்ணையும் ஒரே பல்லையும் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் மூன்று சகோதரியரின் பெயரே குழுவின் பெயராயிற்று. தனியாற்றலைக் காட்டிலும் பகிர்ந்து வாழ்தலை முன்னிறுத்தும் பொருத்தமான குறியீடாக அதனைக் கொள்ளலாம்.

கலையும் போராட்டமும்

1986இல் லண்டன் ஊனமுற்றோர் கலை மன்றம் உருவாயிற்று. ஊனமுற்றோரைப் பரிதாபத்துக்குரியோராகக் காட்டி நிதி திரட்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சியை எதிர்த்து, 1990இலும் 1992இலும் கலைஞர்களும் செயற்பாட்டாளர்களும் ஆர்ப்பாட்டம் நடத்தினர். 1992க்குப் பின் அந்நிகழ்ச்சி நடைபெறவில்லை. 1995இல் ஊனமுற்றோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பாடலும் நகைச்சுவையும் நாடகமும் அப்போராட்டத்தின் அணிகலன்களாக மட்டும் இருக்கவில்லை, கருவிகளாகவே இருந்தன.

அணுகலே அழகியல்

1997இல் செவிப்புலன் இழந்த ஜென்னி சீலி கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார். பொதுவாக அரங்குகளில் சைகைமொழி பெயர்ப்பாளர் மேடையோரத்தில் நிற்பார். காட்சி விளக்கம் பார்வையற்றோருக்குக் காதணி ஒலிக்கருவி வழியே மட்டும் கிடைக்கும். சீலியின் நாடகங்களிலோ சைகைமொழி, காட்சி விளக்கம், எழுத்துத் திரை ஆகியன தொடக்கத்திலிருந்தே படைப்பின் உறுப்புகளாயின. மேடையில் நிகழ்வதை எந்தப் பாத்திரம் எந்த மனநிலையில் சொல்லும் என்பதை நாடகாசிரியரே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. வசதியாகக் கருதப்பட்டது உத்தியாக மாறியது இவ்வாறுதான்.

2012 ஆகஸ்ட் 29இல் லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவைப் பிராட்லி ஹெமிங்ஸுடன் இணைந்து சீலி நெறிப்படுத்தினார். இயக்கம் உலக அரங்கை எட்டிய நாள் அது.

ஆயினும் மூன்றே ஆண்டுகளில், 2015இல், ஊனமுற்றோர் தனித்து வாழ உதவிய அரசு நிதியம் மூடப்பட்டது. பணியிட உதவித் திட்டத்திற்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் இன்றிக் காதுகேளாத நடிகர் ஒத்திகையில் பங்கேற்க இயலாது. கைதட்டல் ஒருபுறமும் மேடைக்கு வரும் வழி குறுகுதல் மறுபுறமுமாக அமைந்த இம்முரண், பெற்ற உரிமை நிலையானதன்று என்பதை உணர்த்துகின்றது.

முடிவுரை

இவ்வரலாறு தமிழாசிரியர்க்கு ஒரு சொல்லாய்வையும் முன்வைக்கின்றது. நம் வழக்கிலுள்ள 'உடற்பேறு குறைந்தோர்', 'மாற்றுத்திறனாளிகள்' ஆகிய இரு சொற்களும் அவரவர் உடலையோ திறனையோ சுட்டுகின்றன. முன்னது குறையாக, பின்னது மதிப்போடு. சமூகம் எழுப்பிய தடையைச் சுட்டும் சொல் நம்மிடம் இன்னும் நிலைபெறவில்லை. அச்சொல்லைத் தேடும்போது, நம் தமிழ் விழா மேடைகளுக்கு ஏறும் வழி படிக்கட்டு மட்டுந்தானா என்பதையும் உடன் நோக்குதல் தகும்.