'இன் சிட்டு': ஆரம்பம்னா என்ன அர்த்தம்?

இந்த எபிசோடுக்குக் காரணம் என் சித்தி. போன வருஷம் கருப்பைவாய் பயாப்ஸி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கார்சினோமானு போட்டிருக்கு. டாக்டர் பயப்படாதீங்கன்னு சொல்றாங்க. எதைடா நம்புறது?"னு கேட்டாங்க. ரிப்போர்ட்டில் இருந்தது, 'கார்சினோமா இன் சிட்டு'.

'இன் சிட்டு' லத்தீன் சொல். 'இருந்த இடத்திலேயே' என்று அர்த்தம். செல்கள் பார்ப்பதற்குப் புற்றுநோய் மாதிரியே இருக்கும்; ஆனால் மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்காது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த ஆல்பர்ட் புரோடர்ஸ் 1932-ல் எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரைப் பரப்பியது.

அப்போ இது புற்றுநோயா, இல்லையா? நியூசிலாந்தில் இந்தக் கேள்விக்குப் பெண்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

ஆக்லாந்தின் நேஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரியில் ஹெர்பர்ட் கிரீன் என்ற டாக்டர். கருப்பைவாயில் வரும் இன் சிட்டு அநேகமாகப் புற்றுநோயாக மாறாது என்று நம்பினார். அப்போதெல்லாம் இதற்காகக் கருப்பையையே எடுப்பது சகஜம். அதைத் தவிர்க்க நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் 1966-ல் தொடங்கிய அவருடைய திட்டத்தில், பல பெண்களுக்கு முழு சிகிச்சை தராமல் சும்மா கவனித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண்களிடம் அதைச் சொல்லவும் இல்லை. கூட வேலை பார்த்த டாக்டர்கள் எச்சரித்தும் பலனில்லை.

1987-ல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் இருவரும் 'மெட்ரோ' பத்திரிகையில் இதை எழுதினார்கள். நாடே அதிர்ந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து, 1988-ல் அறிக்கை கொடுத்தார். நோயாளியிடம் விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்குவது அங்கே சட்டப்படி உரிமையானதற்கு அந்த அறிக்கைதான் அடித்தளம்.

2008-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று அந்த ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகளைக் கணக்குப் போட்டது. சிறு பயாப்ஸியோடு விடப்பட்ட 143 பெண்களில், 30 வருஷத்துக்குள் உள்ளே ஊடுருவும் புற்றுநோய் வரும் வாய்ப்பு 31 சதவீதம். சரியான சிகிச்சை பெற்றவர்களுக்கு 0.7 சதவீதம்தான்.

ரெண்டு எண்ணையும் சேர்த்தே படிங்க. இன் சிட்டுன்னா எல்லாம் முடிஞ்சதுன்னும் இல்லை, ஒண்ணுமில்லைன்னும் இல்லை. கையில் இன்னும் நேரம் இருக்கு, அவ்வளவுதான். அந்தப் பெண்களிடமிருந்து பறிக்கப்பட்டது அந்த நேரம்தான்.

சித்திகிட்ட இதைத்தான் சொன்னேன். அவங்க சம்மதப் படிவத்தை வரி வரியா படிச்சு, நாலு கேள்வி கேட்டுட்டுதான் கையெழுத்துப் போட்டாங்க. இப்போ நல்லா இருக்காங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.