மெட்டுள்ள லிவர், மெட்டில்லாத லிவர்

வீணையும் கோட்டுவாத்தியமும் பார்வைக்கு உடன்பிறப்புகள். ஒன்றில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் ஸ்வரத்தின் இடத்தைச் சொல்லிவிடுகின்றன. மற்றதில் மெட்டே கிடையாது. தந்தியின் மேல் வழுக்கிச் செல்லும் கட்டைக்குக் காதுதான் வழிகாட்டி. நெடுந்தூரப் பயணச் சைக்கிளுக்கு எந்த கியர் லிவர் ஏற்றது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வரும். ஹேண்டில்பாரின் நுனியில் செருகும் ஃப்ரிக்‌ஷன் லிவர் மெட்டில்லாதது. உரசலின் பிடிப்பால், நிறுத்திய இடத்தில் நிற்கும். பிரேக் பிடியோடு இணைந்த இண்டெக்ஸ் லிவர் மெட்டுள்ளது. ஒரு ‘டிக்’, ஒரு கியர். முன்னதை எளியது என்றும் பின்னதைச் சிக்கலானது என்றும் பயணிகள் பிரிப்பார்கள். அந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கலாம்.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. 1.2 மி.மீ. கம்பி ஒன்றை லிவர் இந்தப் பக்கம் இழுக்கிறது, செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் டீரெய்லரின் ஸ்பிரிங் அந்தப் பக்கம் இழுக்கிறது. இழுபறி எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஃப்ரிக்‌ஷன் லிவரில் அது ஓட்டுபவரின் கையிலும் காதிலும் இருக்கிறது. இண்டெக்ஸ் லிவரில் அது பற்களாகச் செதுக்கப்பட்டு லிவருக்குள்ளேயே இருக்கிறது. ஷிமானோ நிறுவனத்தின் 8 கியர் அமைப்பில் ஒரு ‘டிக்’குக்குச் சுமார் 2.8 மி.மீ. கேபிள் நகரும், டீரெய்லர் அதை ஏறக்குறைய 1.7 மடங்காக்கி, 4.8 மி.மீ. தள்ளியிருக்கும் அடுத்த பல்சக்கரத்துக்குச் செயினைக் கொண்டுபோகும். 9 கியரில் அந்த இடைவெளி 4.35 மி.மீ.தான். கேபிள் அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலே செயின் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தவறி நிற்கும். பிறகு நாள் முழுக்கக் கரகர சத்தம்தான் துணை.

பயணத்தில் இந்தக் கணக்குப் பிசகப் பெரிய விபத்து வேண்டியதில்லை. பேருந்தின் கூரையில் ஏற்றி இறக்கிய சைக்கிளில், டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் லேசாக வளைந்திருந்தாலே போதும். இண்டெக்ஸ் லிவர், வளைந்த ஹேங்கருக்கும் நேரான ஹேங்கருக்குரிய விடையையே சொல்லிக்கொண்டிருக்கும். ஃப்ரிக்‌ஷன் லிவரிடம் கணக்கே இல்லை, ஆகவே பிசகும் இல்லை. கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும், செயின் அமர்ந்துவிடும். வழியில் 8 பல்சக்கர அடுக்குக்குப் பதில் 7 அடுக்குதான் கிடைத்தாலும் அது மறுக்காது.

இத்தோடு நிறுத்தினால் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 20 கிலோ சுமையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். பெடல் மேல் எழுந்து நின்று மிதிக்கையில் சைக்கிளின் சட்டமே சற்று நெளியும். உரசல் போதாத லிவர் அந்த நெளிவில் நழுவும். செயின் சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கும். இலகுவான கியர் மிகவும் தேவைப்படும் இடத்தில் கடினமான கியர் வந்து சேரும். இறக்கத்திலோ, கியர் மாற்ற ஒரு கையை பிரேக்கிலிருந்து எடுத்தாக வேண்டும். இண்டெக்ஸ் லிவர் நழுவுவதுமில்லை, விரலை பிரேக்கிலிருந்து விலக்கச் சொல்வதுமில்லை. நூறு கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த மாலையில், யோசிக்காமலே கியர் மாறுவது சிறிய வசதி அல்ல.

பழுதுபார்ப்பில் நிலைமை மறுபடி திரும்புகிறது. ஃப்ரிக்‌ஷன் லிவரின் உள்ளே சில வாஷர்களும் ஒரு திருகும்தான். நழுவினால் ஒரு சுற்று இறுக்கினால் போதும். இண்டெக்ஸ் லிவரின் உள்ளே நுண்ணிய கொக்கிகள், ஸ்பிரிங்குகள். பழைய கிரீஸ் கெட்டிப்பட்டால் கொக்கி பல்லைப் பிடிக்காது. லிவர் அசையும், கியர் அசையாது. கழுவி எண்ணெய் விட்டால் பெரும்பாலும் உயிர் பெறும், ஆனால் அது தெரிந்த ஆள் வழியில் கிடைக்க வேண்டும்.

இனி என்னை வியக்கவைத்த உறவு. நழுவலைத் தடுக்க ஜப்பானின் சன்டூர் தன் ஃப்ரிக்‌ஷன் லிவருக்குள் நுண்பற்களை வைத்தது. மெட்டில்லாத லிவரும் ‘டிக் டிக்’ என்றது. ஆனால் அந்த ஒலி எந்த கியரையும் குறிப்பதல்ல, வெறும் பிடிமானம். எதிர்ப்பக்கம், 1992இல் இத்தாலியின் காம்பன்யோலோ கொண்டுவந்த எர்கோபவர் பிரேக்கோடு இணைந்த லிவர். அதன் இடக்கைப் பாகத்திலும் அதே நுண்பற்கள்! முன் டீரெய்லர் உரசாத இடத்தைக் காதால் கேட்டு நிறுத்த வேண்டும். எளியது சிக்கலிடம் ஒலியை வாங்கியது போலவும், சிக்கலானது எளியதிடம் செவியை வாங்கியது போலவும் இருக்கிறது.

கொடுக்கல் வாங்கல் இன்னும் ஆழமானது. பல்சக்கரங்களை ஒட்டியபடியே சரிந்து நகரும் டீரெய்லரை 1964இல் சன்டூர் உருவாக்கியது ஃப்ரிக்‌ஷன் லிவர்களின் காலத்தில். இருபது ஆண்டுகள் கழித்துக் காப்புரிமை முடிந்தது. அதே 1984இல் ஷிமானோ தன் இண்டெக்ஸ் அமைப்பை வெளியிட்டபோது அந்தச் சாய்வு அதற்குள் இருந்தது. பதிலுக்கு, ‘டிக்’குக்கு உடனே செயின் ஏற வேண்டும் என்பதற்காகப் பல்சக்கரங்களின் பக்கவாட்டில் செதுக்கிய படிகள், இன்று ஃப்ரிக்‌ஷன் லிவர்க்காரருக்கும் செயினைத் தூக்கி ஏற்றிவிடுகின்றன. ஃப்ரிக்‌ஷன் லிவர் இன்று இவ்வளவு இதமாக இயங்குவதற்குப் பாதிக் காரணம் அதன் போட்டியாளர்.

வரலாற்றிலும் இப்படி ஓர் இடமாற்றம் நடந்திருக்கிறது. பிரான்சின் சாந்த்-எத்தியேன் நகரில் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய போல் தெ விவி, பல கியர்கள் வேண்டும் என்று வாதாடிய நெடும்பயணி. டூர் தெ பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சோ ஒற்றை கியரின் பக்கம் நின்றவர்; அந்தப் பந்தயத்தில் டீரெய்லருக்கு இடம் கிடைத்தது 1937இல்தான். அன்று சிக்கலைக் கேட்டவர் பயணி, எளிமையைக் காத்தவர் பந்தயக்காரர். இன்று எளிமையை நாடும் பயணி வெலோசியோவின் வாரிசா, தெக்ராஞ்சின் வாரிசா? இருவருக்கும் வாரிசுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எளிமை, சிக்கல் என்ற பிரிவினை முழுதாக உடையும் இடம் ஜெர்மனியின் ரோலாஃப் ஸ்பீட்ஹப். 1998 முதல் விற்பனையில் உள்ள இந்தப் பின்சக்கர மையத்துக்குள் 14 கியர்கள். மேல் கியர் கீழ் கியரைப் போல 5 மடங்குக்கும் அதிகம். உள்ளே எண்ணெயில் சுழலும் பல்சக்கரக் கூட்டம். ஆனால் அதன் கைப்பிடியில் மெட்டு கிடையாது! அது இரண்டு கேபிள்களைச் சுற்றி இழுக்கும் உருளை மட்டுமே. ‘டிக்’ எழுவது சக்கரத்தின் மையத்தில். கேபிள் தளர்ந்தால் பிடி சற்று ஆடும், கியர் தவறாது. கையில் இருந்த கணக்கு லிவருக்குப் போனது போல, லிவரில் இருந்த கணக்கு இங்கே சக்கரத்துக்குப் போய்விட்டது.

என் சைக்கிளில் இருப்பது இவற்றின் நடுவே நிற்கும் ஒன்று: 9 கியர் காலத்து ஷிமானோ நுனி லிவர். வலக்கை லிவரின் பக்கத்தில் ஒரு சிறு வளையம் உண்டு. அதைத் திருகினால் மெட்டுகள் மறைந்து லிவர் வழுக்கும்; திருப்பித் திருகினால் மெட்டுகள் வந்துவிடும். ஹேங்கர் வளைந்த நாளில் சாலையோரம் நின்று அதைத் திருகிவிட்டு ஓட்டிக்கொண்டே போகலாம். இடக்கை லிவருக்கு அந்த வேலை இல்லை. அது முதல் நாளிலிருந்தே மெட்டில்லாதது.